காட்சிக்கு இடைஞ்சல்

என் கோபம் மூக்கு நுனியில் இருப்பதாக என் கணவர் எல்லோரிடமும் சொல்வார். மூக்கு நுனியில் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடாதா? என் கோபம் வயிற்றில் இருக்கிறது. வேளாவேளைக்கு அதற்கும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறேன். அந்த அறிவிப்பு வந்த நாளில் அதற்கு விருந்தே கிடைத்தது.

கொண்டுவந்த ஆள் கதவைக்கூடத் தட்டவில்லை. கடைப் பலகையில் பசையைத் தடவி ஒட்டிவிட்டுப் போய்விட்டான். முந்தின நாள்தான் ஈரத்துணி போட்டுத் துடைத்த பலகை. மலைத் தோட்டத்துப் பார்வை மேடையிலிருந்து பழைய நகரத்தைப் பார்க்க வருகிறவர்களின் காட்சிக்கு இடைஞ்சலாக எங்கள் மொட்டை மாடியில் துணி காய்கிறதாம். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் நிறுத்த வேண்டுமாம். இல்லையென்றால் சலவைக்கடையின் உரிமம் ரத்தாகுமாம். கையெழுத்துக்கு அடியில் 'காட்சிப் பாதுகாப்பு அலுவலர்' என்று முத்திரை. காட்சிக்குப் பாதுகாப்பு! அதை யார் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?

எங்கள் சந்தில் குடையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரிலும் இடிக்கும். வெயில் என்பது எங்களுக்கு மாடியில் மட்டும் கிடைக்கிற சரக்கு. கீழே ஊறவைக்கும் தொட்டிகள், வெந்நீர் அண்டா, இஸ்திரி மேஜை. மேலே கொடிகள். இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் தினமும் அந்தக் கொடிகளில்தான் காய்ந்து இறங்குகின்றன. மாடி இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் நாங்கள் எதைத் தின்பது, தோட்டத்துப் பூவையா?

"நான் மேல போய்ப் பேசிட்டு வரேன்" என்றார் கணவர். சாதுவான மனிதர். பசை காயும் முன்பே அறிவிப்பைக் கிழியாமல் உரித்து எடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"நீங்க போனா, 'சரிங்க, நிறுத்திடறோங்க'ன்னு சொல்லிட்டு வருவீங்க. நான் போறேன்."

"நீ போனா என்னத்தச் சொல்லிட்டு வருவியோன்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் பயந்தது நியாயம்தான் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

அந்த மலையடியிலேயே பிறந்து வளர்ந்தும் நான் அதுவரை தோட்டத்துக்குப் போனதில்லை. காட்சியெல்லாம் வேலையில்லாதவர்களுக்கு. வாசலிலேயே சீட்டு வாங்கச் சொன்னார்கள். "நான் சுத்திப் பாக்க வரல, சண்டை போட வந்திருக்கேன்" என்றேன். சண்டைக்கும் அதே கட்டணம்தான் என்றாள் சீட்டுக் கொடுக்கிற பெண், சிரிக்காமல். என் வீட்டு மாடியை நான் பார்ப்பதற்குக் காசு கொடுத்து உள்ளே போனேன்.

நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. முடிவெட்டியது போல நறுக்கிவிட்ட செடிகள், பாத்தி பாத்தியாக ரோஜா, நடந்தால் நறநறக்கும் பொடிக்கல் பாதை. நட்ட நடு வெயிலில் புல்லுக்குத் தண்ணீர் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. கீழே எங்கள் குழாயில் தண்ணீர் நூலாக வருவதற்குக் காரணம் கேட்டால் மலையில் ஊற்று வற்றிவிட்டது என்பார்கள். வற்றவில்லை. புல்லுக்குப் போகிறது.

அலுவலகம் தேநீர்க் கூடத்தை ஒட்டி இருந்தது. அதிகாரி என் தம்பி வயதுப் பையன். வியர்த்துக்கொண்டே எழுந்து நின்று, "உக்காருங்கம்மா" என்றான். மரியாதை கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தேநீர்க் கூடத்து மேஜை ஒன்றில் என்னை உட்காரவைத்தான். மேஜை விரிப்பின் மூலையைத் திருப்பிப் பார்த்தேன். நீல நூலில் எங்கள் கடைக் குறி.

"இது எங்க மாடியில காஞ்ச துணி தம்பி. போன வாரம் நான்தான் கஞ்சி போட்டேன்."

அவன் விரிப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அது... ஒப்பந்தக்காரர் எங்க குடுக்கறார்னு எங்களுக்குத் தெரியாதும்மா."

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல? இங்க விரிச்சா அழகு, அங்க காஞ்சா அசிங்கமா? நல்லா இருக்கு உங்க ஞாயம்."

"எனக்கு மேல இருக்கறவங்க சொல்றாங்க. நான் என்ன பண்ண? வாங்க, நீங்களே வந்து பாருங்க" என்று பார்வை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

மேடையில் நல்ல கூட்டம். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார்கள். எங்கள் ஊர் அத்தனையும் ஒரு தட்டில் எடுத்து வைத்தது போல இருந்தது. ஓட்டுக் கூரைகள், இரண்டு கோபுரங்கள், கோட்டைச் சுவர், நடுவில் மணிக்கூண்டு. சத்தம் இல்லை, சாக்கடை நாற்றம் இல்லை, ஆளே இல்லை. ஊர் செத்துப்போன பிறகு எடுத்த படம் மாதிரி இருந்தது.

"அதோ, மணிக்கூண்டுக்குப் பக்கத்துல வெள்ளையாத் தெரியுது பாருங்க" என்றான் அதிகாரி.

தெரிந்தது. நகத்தளவு வெள்ளை. நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் கேமராவோடு நின்ற அம்மாள் தன் கணவரிடம் சொன்னாள்: "இவ்வளவு அழகான இடத்துல அந்தக் கந்தலைப் போய்க் காயப் போட்டிருக்குதுங்க பாருங்க. அது மட்டும் இல்லன்னா படம் எவ்வளவு நல்லா வரும்! வீட்டுக்குள்ள போட்டா ஆகாதா?"

அவ்வளவுதான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அது என் மாடிம்மா! என் துணி! கந்தல் இல்ல, நீங்க ராத்திரி படுக்கற விடுதி விரிப்பு. உங்க அழுக்கை நாங்க தொவைக்கலாம், அது காயறது மட்டும் உங்க கண்ணுல படக் கூடாதா?" என்று கத்தினேன். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினேன். "எழுதிக்கோ தம்பி. அந்த மாடி என்னுது. அதுல காயறது என் துணி. நான்தான் போட்டேன், நாளைக்கும் போடுவேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

மேடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி நிஜமாகவே எழுதிக்கொண்டான். எனக்கு வயிறு குளிர்ந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"ஏம்மா கோவப்படறீங்க? இதுல பாத்தா உங்களுக்கே புரியும்" என்று அங்கே காலூன்றி நிற்கும் பெரிய தொலைநோக்கியில் காசு போட்டு, திருகிச் சரிசெய்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னான். பார்த்தேன்.

முதலில் மணிக்கூண்டின் ஓட்டை உடைசல்கள் தெரிந்தன. பிறகு கொடி. கொடியில் விரிப்புகள். பார்த்ததுமே ஏதோ இடித்தது. நாங்கள் விரிப்பை ஓரம் பிடித்து, முழு நீளமும் தொங்கும்படி கிளிப் போடுவோம். காற்று இரண்டு பக்கமும் போக வேண்டும். இங்கே தொங்கியவை நடுவில் மடிந்து கொடிமேல் கிடந்தன. ஒன்றில் பெரிய ஒட்டு. இன்னொன்றின் நடுவில், எத்தனை துவைத்தாலும் போகாத மஞ்சள் கறை. விடுதிக்காரன் அப்படி ஒரு துணியைத் திருப்பி வாங்கமாட்டான்.

அப்போது அந்த வட்டத்துக்குள் ஓர் ஆள் வந்தாள். என் நாத்தனார்.

ஈர விரிப்பின் ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் முடிச்சுப் போட்டுக் கட்டினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, ஒற்றை ஆளாக முறுக்கினாள். இரண்டு பேர் பிழிகிற துணி அது. முறுக்கு பாதியில் நழுவி, விரிப்பு தரையில் விழுந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்து நின்றாள். பிறகு குனிந்து எடுத்து, மறுபடி அலசப் போனாள்.

தொலைநோக்கியை நானே திருகி எங்கள் மாடியைத் தேடினேன். கிடைக்கவில்லை. மணிக்கூண்டு குறுக்கே நின்றது. எங்கள் கைப்பிடிச் சுவரின் ஒரு மூலை தெரிந்தது, அவ்வளவுதான். எங்கள் கொடி இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் மலை தெரியாது, மணிக்கூண்டு மறைக்கும் என்பது கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அப்படியானால் மலையிலிருந்து பார்த்தால் எங்கள் மாடி தெரியாது என்று யோசிக்க எவ்வளவு மூளை வேண்டும்? ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. அறிவிப்பு ஒட்ட வந்தவன் துணி காயப் போடுகிற வீடு எது என்று சந்தில் கேட்டிருப்பான். சலவைக்கடையைத்தானே யாரும் கை காட்டுவார்கள்!

நாத்தனார் கதையைச் சொல்ல வேண்டும். என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன், கூப்பிட்ட காலத்தில். அவள் புருஷனுக்கு வாதம் வந்து படுக்கையில் விழுந்ததும், தன் வீட்டை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தாள். வந்தவள் பங்கு கேட்டாள். கீழே இரண்டு அறை கொடுத்தோம். மாடியிலும் பாதி வேண்டும் என்றாள். கடைக்குக் கொடி போடவே இடம் போதவில்லை, மாடி முழுக்க எங்களுடையது என்றேன். அப்படிச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவந்து மாடியின் குறுக்கே சுவர் வைத்தாள். அன்றிலிருந்து பேச்சில்லை. அதற்கு முன்னால் விடுதி விரிப்புகளை நானும் அவளும்தான் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவோம். முறுக்குகிற வேகத்தில் என்னைத் தரதரவென்று இழுத்துவிடுவாள், அத்தனை கைபலம்.

"என்னம்மா, பேச்சையே காணோம்?" என்றான் அதிகாரி.

வாய் வரை வந்துவிட்டது. 'அது எங்க மாடி இல்ல தம்பி. எங்களுது அந்தக் கூண்டுக்குப் பின்னால இருக்கு. இது அடுத்த பங்கு' என்று சொன்னால் முடிந்தது. அறிவிப்பு கை மாறும், என் கடை பிழைக்கும். அவளுக்குக் கடை இல்லை, உரிமமும் இல்லை. அவளிடமிருந்து பிடுங்க அங்கே வெயில் மட்டும்தான் இருக்கிறது. அந்த இருட்டு அறையில் ஈர விரிப்பு மூன்று நாளானாலும் காயாது. காயாத விரிப்பில் படுத்தால் அந்த மனுஷனுக்கு முதுகில் புண் வரும்.

பாசத்தால் வாயை மூடிக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நான் நிற்கிறேன். 'ஒரு கை பிடிடி' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் குடியா முழுகிவிடும்? குழாயில் கட்டிப் பிழிகிறாளாம், குழாயில்!

"ஒண்ணுமில்ல. அதான் என் மாடின்னு சொல்லிட்டேனே" என்றேன்.

"அப்ப முதல் தேதிக்குள்ள எடுத்துடுங்க. நான் தினமும் இங்கேருந்து பாப்பேன்."

இறங்கி வரும்போது கணக்குப் போட்டேன். சுலபமான கணக்குத்தான். அவள் துணியை எங்கள் பக்கம் போட்டால் மலைக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கும் வெயில் கிடைக்கும், என் கடையும் தப்பும். அதற்கு அவளிடம் நான் பேச வேண்டும். மலை ஏறியதே இதைவிடச் சுலபம்.

எனக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருந்தது. எங்கள் சந்துப் பூட்டுக்காரர் அன்றைக்குத் தோட்டத்துக் கதவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் கத்தியதைக் காதாரக் கேட்டவர், குறுக்கு வழியில் ஓடிவந்து நாத்தனாரிடம் வத்தி வைத்துவிட்டார். வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏண்டி, என் மாடியை உன் மாடின்னு அதிகாரிகிட்ட எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியா?"

"அண்ணி, அது அப்படி இல்ல..."

"எழுதினானா இல்லையா?"

"எழுதினான்."

"அப்புறம் என்ன அப்படி இல்ல, இப்படி இல்ல? சுவர் வச்ச சுண்ணாம்பு இன்னும் காயல. அதுக்குள்ள மலைமேல ஏறி எழுதி வாங்கிட்டா. மகராசி!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு, நடந்தது அத்தனையும் சொன்னேன். அறிவிப்பு, தொலைநோக்கி, மணிக்கூண்டு. குழாயில் கட்டிப் பிழிந்ததை மட்டும் சொல்லவில்லை. "அதனால உங்க துணியை எங்க மாடியில போடுங்க. எதையும் யாரும் எடுக்க வேண்டியதில்ல" என்றேன்.

"ஓகோ. இன்னைக்கு என் துணி உன் மாடிக்கு வரும். நாளைக்கு உன் துணி என் மாடிக்கு வரும். நாளன்னைக்கு சுவர் இருந்த இடமே தெரியாது. நான் பொறந்த வீட்டுல எனக்கே கதை சொல்றியா?"

"உங்களைக் காட்டிக் குடுக்காம வந்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்!"

"யாரு உன்னைக் காப்பாத்தச் சொன்னா?"

உள்ளே இருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. அவள் புருஷனுக்குப் பேச்சு வராது. வேண்டியதற்கு, வாதம் தாக்காத கையில் உள்ள மோதிரத்தால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை வெந்நீர் அண்டாவைப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தால், கணவரைக் காணோம். அந்தப் பங்கில், நாத்தனார் புருஷனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுவர் வைத்த பிறகு அவர் அங்கே காலடி வைப்பது அதுதான் முதல் தடவை.

"அக்கா மலைக்குப் போயிருக்கு. மாமாவைப் பாத்துக்கடான்னுச்சு" என்றார்.

"எதுக்கு மலைக்கு?"

"மாடி தன்னோடதுன்னு எழுதி வாங்கிட்டு வரப் போகுதாம்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அவள் அங்கே போய் மாடி தன்னுடையது என்றால், துணியும் அவளுடையது என்று ஆகிவிடும். சும்மா போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளப் போயிருக்கிறாள்.

"போனா போகட்டுமே" என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமல். "நம்ம கடைக்கு வந்த தொல்லை நீங்கிடும்ல."

"உங்க கூடப் பொறந்தவங்கதானே?"

"அதனாலதான் சொல்றேன். நான் சொல்லி என்னைக்கு அது கேட்டிருக்கு?"

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வராவிட்டாலும் காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். சீட்டுக் கொடுக்கிற பெண் என்னைப் பார்த்ததும், "இன்னொரு அம்மாவும் சண்டைக்குத்தான் வந்திருக்காங்க" என்றாள்.

நாத்தனார் குரல் ரோஜாப் பாத்தியிலேயே கேட்டது. பெட்டியில் வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். மேடையில் கம்பிக்கு முதுகைக் காட்டி நின்று அதிகாரியின் மேல் பாய்ந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் கூட்டம்.

"எங்கப்பா கட்டின வீடு. சுவருக்கு இந்தப் பக்கம் என் மாடி. அவளுக்கு அதுல ஒரு செங்கல்கூடக் கிடையாது. எழுதினதை அடி!"

"அப்ப அங்க காயற துணியும் உங்களுதா?" என்றான் அதிகாரி.

"பின்ன? என் மாடியில ஊரான் துணியா காயும்?"

"அண்ணி, வாயை மூடுங்க" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் என்னைப் பார்த்ததும் குரல் இன்னும் ஏறியது. "வந்துட்டா பாரு! கேளு, இவளையே கேளு!"

அதிகாரி தலையைச் சொறிந்தான். "யாருதா இருந்தாலும் சரி, அதை எடுத்துடணும்மா. நல்லாவே தெரியுது. நீங்களே பாருங்க" என்று தொலைநோக்கியைக் காட்டினான்.

அவள் அதுவரை கீழே திரும்பிப் பார்க்கவே இல்லை. குனிந்து கண்ணை வைத்தாள். கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள்.

சந்தில் யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான் அவள் அந்த விரிப்புகளை மாடியின் அந்தக் கோடியில் போடுவாள். பூட்டுக்காரர் ஜன்னலிலிருந்தோ எதிர்வீட்டிலிருந்தோ பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது எனக்கும் தெரியும். படுக்கையில் கிடக்கிற மனுஷனின் மானத்தை அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

"கறைகூடத் தெரியுதே" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"அதான் சொல்றோம்மா. எடுத்துட்டா உங்களுக்கும் நல்லது" என்றான் அதிகாரி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனாலேயே அவனை ஓர் அறை விடலாம் போல இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். "எடுத்துடறேன் தம்பி" என்றாள். அந்த மாதிரிக் குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. "அவர் போனதும் எடுத்துடறேன். ரொம்ப நாள் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

எங்களிடம் அவள் அதைச் சொல்லவில்லை. கூடப் பிறந்த தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், ஒற்றை ஆளாக அதையும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. இதைச் சொல்லாமல் எந்தச் செங்கல்லுக்குச் சண்டை போட்டாள் இவள்? இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கொடிக்குச் சண்டை போட்டேன் நான்?

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "சரிம்மா, நீங்க சொல்லுங்க. நேத்து உங்க மாடின்னீங்க. இவங்க தன்னுதுங்கறாங்க. இவங்களுதுன்னா உங்க கடை மேல நடவடிக்கை இருக்காது, நான் அடிச்சிடறேன். யாரோடது?"

"என் மாடி" என்றேன். "எழுதினதுல ஒரு எழுத்தை மாத்தாதே. துணியும் என்னுது, கறையும் என்னுது. முதல் தேதி எந்த ஆளை அனுப்பணுமோ என் கடைக்கு அனுப்பு."

சொல்லிவிட்டு அவள் என்மேல் பாய்வதற்காகக் காத்திருந்தேன். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, சுவர் வைத்து, நல்ல புடவை கட்டி, மலை ஏறி வந்து எதற்காகக் கத்தினாளோ, அதை நான் அவள் முகத்துக்கு நேரே எடுத்துக்கொண்டேன். அவளோ புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஊரைப் பார்த்தபடி நின்றாள்.

கடை போனால் போகட்டும் என்று நினைக்க நான் ஒன்றும் பெரிய மனசுக்காரி இல்லை. வயிறு பற்றி எரிந்தது. அந்த நேரம் பார்த்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆள் தொலைநோக்கியில் காசைப் போட்டுவிட்டுக் குனிந்தார். எதைப் பற்றி இவ்வளவு சண்டை என்று பார்க்க ஆசை. நான் போய் அதன் முன்பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"என்னங்க இது, காசு போட்டிருக்கேன்!"

"போட்டா? அங்க ஒரு மனுஷன் சாகக் கிடக்கறார். காசு போட்டா அதையும் பாப்பியா?"

"அம்மா, கையை எடுங்க" என்றான் அதிகாரி. நான் எடுக்கவில்லை. வெயிலில் அந்தக் கண்ணாடி இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சுட்டது. அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். இன்னும் இரண்டு பேர் நகர்ந்தார்கள்.

நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள். கையை எடுக்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"உன் பக்கம் வெயில் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

"மூணு வரைக்கும்" என்றேன். "அதுக்கப்புறம் கூண்டு நிழல் விழுந்துடும்."

"அப்ப சீக்கிரம் பிழியணும்" என்றாள்.